படகுக்கு மேலே துணிக்கொடி

அறுப்பின் பண்டிகைக்கு வரும் பாஸ்டர் ஐயாவை ரங்கூன் துறையிலிருந்து என் சொந்தப் படகில் கூட்டி வருவேன் என்று சபை நடுவே எழுந்து நின்று சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. போன வருடம் அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து எங்கள் ஊரான த்வாண்டேக்கு வந்து சேர்ந்தபோது, வெள்ளை அங்கி செம்மண் நிறமாகிவிட்டது என்று யாரோ வருத்தப்பட்டார்கள். அவ்வளவுதான். என் கால்கள் தாமாக எழுந்தன, வாய் தானாகப் பேசியது. எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி பெர்சிஸ் மட்டும் தட்டவில்லை. கைதட்டலை அவள் சிக்கனமாகச் செலவழிப்பவள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஆரம்பித்தாள்.

“என்னங்க, எந்தப் படகு?”

“நம்ம படகுதான்.”

“கோழி உள்ள போய் முட்டை போடுதே, அதுவா?”

“அதேதான்.”

“அது ஓடாதே.”

“ஓட வைப்பேன்.”

“யாரு?”

“நான்தான். என் கையால. மெக்கானிக் நிழல்கூட நம்ம வீட்டுல விழக் கூடாது.”

அவள் வானத்தைப் பார்த்தாள். மழை வருமா என்று பார்த்ததாகச் சொன்னாள்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கால்வாய்க் கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று இருந்தது. நான் அதில் குமாஸ்தா. வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது, விடுதியும் நின்றது. முதலாளி ஊரைவிட்டுப் போகிற அன்று என் தோளில் கை வைத்து, “ஆல்பின், இந்தப் படகை நீயே வெச்சுக்கோ” என்றார். நான் அதைப் பட்டம் வாங்கியதுபோல வாங்கிக்கொண்டேன். தூக்கிப் போடுகிற கூலி அவருக்கு மிச்சம் என்று பெர்சிஸ் சொன்னாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கொல்லையில், கால்வாய்க்கு இறங்கும் சரிவில், மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அதன் பின்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அலுக்காது. இன்ஜின் படகுக்குள் இருக்கும். அதன் ஒரு கால் மட்டும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து தண்ணீருக்குள் தொங்கும். ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். நாங்கள் சுருக்கமாகக் கால் என்போம். அந்தக் கால் இடதும் வலதும் திரும்பும், மேலே தூக்கும், கீழே இறங்கும், நுனியில் விசிறியையும் சுற்றும். இத்தனையும் ஒரு கால்! உள்ளே உட்கார்ந்து சத்தம் போடுவது ஒன்று, வெளியே தண்ணீரில் நின்று வேலை செய்வது இன்னொன்று. இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் கல்யாணம் ஆனவன் என்று நான் சொன்னபோது, பெர்சிஸ் முதல் முறையாக என்னோடு ஒத்துப்போனாள்.

நிபந்தனையும் அவளே போட்டாள்.

“பண்டிகைக்குள்ள ஓடலைன்னா பர்கத்துல்லா பாய்க்குக் குடுத்துடணும்.”

“அவருக்கு எதுக்கு?”

“தண்ணி ரொப்பி மீன் குஞ்சு வளக்கப் போறாராம்.”

என் படகுக்குள் தண்ணீரா! பர்கத்துல்லா பாய் பக்கத்து வீட்டுக்காரர். த்வாண்டே பானைகளை வாங்கி ரங்கூன் பபேடான் கடைத்தெருவுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர். அவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என் படகின் நீள அகலத்தைக் கண்ணால் அளப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

“சரி, ஓடலைன்னா குடுத்துடறேன்” என்றேன். அப்போதே பாதி மீன் வாடை அடித்தது.

மறுநாளே வேலையில் இறங்கினேன். நோய் என்ன என்பது எனக்கு முன்பே தெரியும். படகைத் தண்ணீரில் விட்டால் பின்பக்கமாகத் தண்ணீர் உள்ளே வரும். வெளியே இருக்கிற காலும் உள்ளே இருக்கிற இன்ஜினும் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. கால் எப்படித் திரும்பினாலும் கூடவே வளைந்து கொடுத்து, தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது அதுதான். அது கிழிந்திருந்தது. காலைக் கழற்றினால்தான் கைக்கு எட்டும்.

நானும் பாயும் கட்டிப் பிடித்துக் காலை இறக்கினோம். இறக்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது எங்களோடு சேர்ந்து சேற்றில் விழுந்தது. எழுந்து பார்த்தேன். ரப்பர் உறை தெரிந்தது. மடிப்பு மடிப்பாக, விரித்தால் நீண்டு, விட்டால் சுருங்கி... எனக்குப் புல்லரித்தது.

“பாய், இது துருத்தி!”

“என்ன துருத்தி?”

“ஆர்மோனியத் துருத்தி! அதே மடிப்பு! அதே காத்து!”

நான் எங்கள் சபையின் ஆர்மோனியக்காரன். குமாஸ்தா வேலை போனாலும் அது போகவில்லை. அந்தப் பெட்டியின் துருத்தி கிழிந்தபோதெல்லாம் மெல்லிய ஆட்டுத் தோல் வெட்டி, கோந்து தடவி, ஒட்டி, மறு ஞாயிறே கீர்த்தனை வாசித்தவன். அமெரிக்காவில் செய்த இயந்திரத்துக்குள் கர்த்தர் எனக்காக ஒரு ஆர்மோனியத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கழற்றிய நேரம் முழுக்க பெர்சிஸ் முக்காலி போட்டு உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவள் என்னை இத்தனை படம் எடுத்ததே இல்லை. நான் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு புன்னகை கொடுத்தேன்.

“தலையைக் கொஞ்சம் சாய்ங்க.”

“இப்படியா?”

“இன்னும்.”

“இப்போ?”

“ம்... இப்ப நல்லாத் தெரியுது.”

ஆட்டுத் தோல் ஒட்டினேன். காயவைத்தேன். திரும்பக் காலை மாட்டினோம். எல்லாம் முடிந்தபின் பாயின் உள்ளங்கையில் ஒரு ரப்பர் வளையமும் இரண்டு இரும்பு வளையங்களும் மீந்திருந்தன.

“அண்ணே, இது எங்க போகணும்?”

“கம்பெனிக்காரன் கையிருப்புக்குன்னு கூடுதலாப் போட்டிருப்பான், பாய்.”

பெர்சிஸ் வந்து அவற்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பொறுக்கி வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு.

கால்வாயில் தண்ணீர் ஏறியதும் படகைத் தள்ளினோம். சாவியைத் திருப்பினேன். உறுமியது. ஐயோ, என்ன உறுமல்! கோழிகள் கூரை ஏறின. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு கரையும் பின்னால் ஓடுகிறது, பானைச் சூளையின் புகை ஓடுகிறது, கரையில் பெர்சிஸ் சின்னப் பொம்மையாகிவிட்டாள். கடவுளே, இது என் படகு, நான் பழுது பார்த்த படகு என்று வாய்விட்டுக் கத்தினேன்.

“அண்ணே” என்றார் பாய்.

“என்ன பாய்?”

“கால் நனையுது.”

குனிந்து பார்த்தேன். ஆட்டுத் தோல் ஊறிப் பிரிந்து என் பாதத்துக்கு அருகே மிதந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் தண்ணீருக்குள் வாசிக்கிற வாத்தியம் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜினை நிறுத்தினோம். பாய் வழக்கம்போல் கொண்டுவந்திருந்த பானையால் தண்ணீரை இறைத்தோம். நெல் ஏற்றிப் போன ஒரு படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டுச் சரிவில் விட்டது. மறுபடி கட்டைமேல் ஏற்றினோம். பெர்சிஸ் ஓடி வந்து துண்டு கொடுத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“நாளைக்கு மறுபடி கழட்டுறேன். இந்தத் தடவை மாட்டுத் தோல்” என்றேன்.

“சரிங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு துணிக்கொடி கட்டிக் குடுங்க.”

பெர்சிஸ் தையல்காரி. பர்மாப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற தமெய்ன்களைத் தைத்துப் பபேடானுக்கு அனுப்புகிறாள். கொடி கேட்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவள் கேட்ட மூங்கில் என் தொடை கனம். கட்டச் சொன்ன கயிறு துறையில் கப்பலைக் கட்டுகிற கயிறு. நடச் சொன்ன இடம் படகின் பின்பக்கத்துக்கு நேர் மேலே.

“துணி காயப்போட இவ்வளவு கெட்டி மூங்கில் எதுக்கு?”

“ஈரத் துணி கனமா இருக்கும்ல?”

“இங்க எதுக்கு? அந்தப் பக்கம் கட்டலாமே?”

“இங்கதான் வெயில் நல்லா விழுது.”

நியாயம்தான். நானும் பாயும் வியர்க்க வியர்க்க மூங்கில் நட்டு, குறுக்கே ஒன்றைப் போட்டு இறுக்கிக் கட்டினோம். பெர்சிஸ் ஏறித் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. “நல்லாக் கட்டியிருக்கீங்க” என்றாள். அவள் வாயிலிருந்து பாராட்டு! அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்பேனரோடு கொல்லைக்குப் போனேன். சட்டென்று நின்றேன். கொடி முழுக்கத் தமெய்ன்கள். சிவப்பு, பச்சை, பூப்போட்டது, சரிகை வைத்தது. நான்கு பக்கமும் தரை வரை தொங்கின. படகின் கால் அவற்றுக்கு நடுவே எங்கோ இருந்தது.

இங்கே ஒரு விஷயம். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு ‘ஹ்பொன்’ என்று ஒன்று உண்டு என்பார்கள். ஒருவகை மகிமை. பெண் கட்டிய தமெய்னுக்குக் கீழே ஆண் தலை நுழைந்தால் அந்த மகிமை கரைந்து போய்விடும். நான் இதை நம்புகிறவன் இல்லை. வாலிபர் கூட்டத்தில், கர்த்தருடைய பிள்ளைகள் காயப்போட்ட துணிக்கு அஞ்சலாமா என்று அரை மணி நேரம் முழங்கியிருக்கிறேன். ஆனால் முழங்கியது கட்டடத்துக்குள்ளே. மேலே கூரைதான் இருந்தது, தமெய்ன் இல்லை.

பாயும் வேலியோரம் வந்து நின்றார்.

“உள்ள போங்க அண்ணே.”

“நீங்க போங்க பாய்.”

“எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கிடையாது.”

“எனக்கும் கிடையாது.”

“அப்ப போங்க.”

“பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? பர்மாக்காரங்க மனசு புண்படும்.”

“அதுவும் சரிதான். எதுக்கு வம்பு?”

இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ரங்கூன் தெருக்களில் போராட்டக்காரர்கள் குறுக்கே கட்டிய தமெய்ன் கொடிகளைப் பார்த்துத் துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்களே நின்று யோசித்தார்கள். நான் வெறும் ஸ்பேனர் வைத்திருந்தவன்.

“பெர்சிஸ், இதையெல்லாம் எப்ப எடுப்பே?”

“காய்ஞ்சதும்.”

“எப்பக் காயும்?”

“அதைத் துணியைத்தான் கேக்கணும்.”

காயக் காய அவள் புதிதாக நனைத்துப் போட்டாள். உதவிக்கு அவளுடைய அக்கா மார்த்தா வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் காலையில் கொடிக்குள் நுழைந்தால் மத்தியானம் வெளியே வருவார்கள். உள்ளேயிருந்து டங் டங்கென்று சத்தம் வரும்.

“என்ன சத்தம் அது?”

“துவைக்கிறோம்!”

“இரும்புச் சத்தமா இருக்கே?”

“அழுக்கு கெட்டி!”

ஒரு நாள் பாய் பபேடானிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து பெர்சிஸிடம் கொடுத்தார். தையலுக்கு எலாஸ்டிக் என்றாள். கொஞ்சம் பெரிய எலாஸ்டிக்தான். ஆனால் ஒரு பெண்ணின் தையல் பொட்டலத்தைத் தடவிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று பாயும் நானும் பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமையும் கொடி காயவில்லை. பாய் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எந்த மீன் சீக்கிரம் வளரும் என்று என்னிடமே யோசனை கேட்டார். நாளை பாஸ்டர் ஐயா துறையில் நின்று ஆற்றைப் பார்ப்பார். நான் வர மாட்டேன். அடுத்த ஞாயிறு நான் ஆர்மோனியத்தைத் தொட்டால் பின்வரிசை சிரிக்கும். படகில் விரால் நீந்தும். எனக்கென்று இந்த உலகத்தில் ஆச்சரியப்பட இருந்த ஒரே பொருள் அது. அதுவும் போகிறது என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது.

ஞாயிறு விடியலில் பெர்சிஸ் எழுப்பினாள்.

“எழுந்திரிங்க. தண்ணி ஏறிடுச்சு. போய் சாவியைத் திருப்புங்க.”

கொடியில் ஒரு துணி இல்லை. படகு கால்வாயில் மிதந்துகொண்டிருந்தது. நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். உறுமியது. தரையைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மறுபடி பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை! ஆட்டுத் தோல்தான் மிதந்து போயிற்றே தவிர, நான் தடவிய கோந்து உள்ளேயே இருந்து இந்தச் சில நாட்களில் இறுகி ஓட்டையை அடைத்துவிட்டது என்று எனக்குப் பளிச்சென்று விளங்கியது. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு!

நான் படகைத் திருப்பும் சக்கரத்தைப் பிடிக்கப் போனேன். பெர்சிஸ் என் கையைத் தொட்டாள்.

“பொம்பளை படகோட முன்பக்கம் உட்காரக் கூடாதுன்னு இந்த ஊர் வழக்கமாச்சே. முன்னாடி உங்க இடம். மகாராஜா மாதிரி உட்காருங்க. இந்தச் சக்கரத்தை நான் சும்மா பிடிச்சுக்கறேன்.”

மரியாதையாகச் சொன்னால் மறுக்கத் தெரியாதவன் நான். முன்னால் போய் உட்கார்ந்தேன். படகு கிளம்பியது. கால்வாய் திறந்து ரங்கூன் ஆறு விரிந்தபோது நான் பாதி எழுந்து நின்றுவிட்டேன். அப்படி ஓர் அகலம். கடல்காக்கைகள் எங்களைச் சுற்றிச் சுழன்றன. பெரிய சரக்குக் கப்பல் ஒன்று அலையை அனுப்பியது. பெர்சிஸ் வேகத்தைக் குறைத்து, மூக்கைத் திருப்பி, அந்த அலைமேல் படகைத் தாலாட்டுவதுபோல ஏற்றி இறக்கினாள். நான் அலையைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்த்தேன்.

“பாத்தியா பெர்சிஸ்? கோந்து எப்படிப் பிடிச்சிருக்கு!”

அவள் செல்போனை நீட்டினாள். நான் காலைக் கழற்றிய அன்று எடுத்த படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். போல்ட், வளையம், பல்சக்கரம், போல்ட். ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் என் காது இருந்தது.

“நான் எங்க?”

“நீங்க மறைச்சதாலதான் தலையைச் சாய்க்கச் சொன்னேன். நீங்க கழட்டினதைக் கடைசிப் படத்துலேருந்து திருப்பிப் பாத்தா, அதுதானே மாட்டுற வழி?”

“அப்போ... அந்த எலாஸ்டிக்?”

“புது ரப்பர் உறை. கடைக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். பாய் பாவம், சுமந்துட்டு வந்தாரு.”

“மீந்த வளையம்?”

“அதது இடத்துக்குப் போயிடுச்சு. எண்ணெயும் மாத்தினோம். நீங்க வளையத்தை விட்டதால உள்ள தண்ணி போய்ப் பால்டீ மாதிரி ஆயிருந்துச்சு.”

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நானும் பாயும் சேர்ந்தே சேற்றில் விழுந்தோம்.

“அந்தக் காலை ரெண்டு பொம்பளைங்க எப்படித் தூக்கினீங்க?”

“நீங்க கட்டிக் குடுத்த கொடியில தொங்கவிட்டுத்தான். கெட்டியாக் கட்டியிருந்தீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே.”

கடைசியாக ஒரு பிடி கிடைத்தது எனக்கு.

“இருந்தாலும் கட்டின தமெய்னை ஆம்பளை படகுமேல தொங்கவிட்டது...”

“யாரு கட்டினாங்க? எல்லாம் கடைக்குப் போற புதுத்துணி. சாயம் போகுதான்னு நனைச்சுப் போட்டேன். நீங்க ஒரு தடவை உள்ள வந்து பாத்திருக்கலாம்.”

இந்த இடத்தில் ஒரு புருஷன் கோபப்பட வேண்டும். நானும் முயன்றேன். வரவில்லை. காலை வெயிலில், காற்றில் பறக்கும் முடியோடு, அவள் ஒரு கையால் அத்தனை பெரிய ஆற்றைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் நான் கொல்லைக்குப் போய் அந்தக் காலையே பார்த்து வியந்துகொண்டிருந்திருக்கிறேன். பார்க்க வேண்டியது சமையலறையில் இருந்திருக்கிறது. ஆற்றின் நடுவே இதை அவளிடம் சொல்லியும்விட்டேன். அவள் முகம் சிவந்து, “அலை வருது, பிடிச்சுக்குங்க” என்றாள். அலை எதுவும் வரவில்லை.

துறையில் பாஸ்டர் தேவநேசன் ஐயா வெள்ளை அங்கியோடு நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்தார். அங்கியில் ஒரு பொட்டு தூசி இல்லாமல் த்வாண்டே வந்து சேர்ந்தார். கரையில் சபை முழுக்க நின்று கை தட்டியது. ஆழம் குறைந்த இடத்தில் பெர்சிஸ் ஒரு பொத்தானை அழுத்த, பின்னால் கால் மெல்ல மேலெழுந்தது. பாய்கூட மீனை மறந்து வாய் பிளந்தார்.

“ஆல்பின்! நீர் சொன்னபடி செய்துவிட்டீரே. கர்த்தர் உமக்குக் கொடுத்த தாலந்து சாதாரணமானதல்ல” என்றார் பாஸ்டர் ஐயா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. மூடிக்கொண்டேன்.

“அப்படியே நம்ம சபை ஜெனரேட்டரையும் பாத்துடும். மழைக்காலத்துலேருந்து படுத்துக் கிடக்கு. கிறிஸ்துமஸ் ஆராதனையை மெழுகுவத்தியில நடத்தற மாதிரி ஆயிடக் கூடாது.”

திரும்பிப் பெர்சிஸைப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பணிவாக ஓர் அடி முன்னால் வந்தாள்.

“கண்டிப்பாச் செய்வாரு ஐயா. நான் பக்கத்துல கொஞ்சம் துணி மட்டும் காயப்போட்டுக்கறேன்.”

அன்று சாயங்காலமே ஆலயத்தின் பின்புறம் நான் மூங்கில் நட்டேன்.